பழுதுபார்த்தவரின் பெயரில் ஓர் அரண்மனை

கொச்சி நகரின் கலூரில் நின்று மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வழி கேட்டால், பெரும்பாலோர் அதனை ‘டச்சு பேலஸ்’ என்றே குறிப்பிடுவர். சுற்றுலாக் கையேடுகளிலும் அப்பெயரே பெருவழக்காக உள்ளது. ஆயினும், அந்த அரண்மனையை டச்சுக்காரர் கட்டவில்லை. 1555ஆம் ஆண்டளவில் அதனைக் கட்டியவர்கள் போர்த்துகீசியர். யாருக்காகக் கட்டப்பட்டது என்று கேட்டால், கொச்சி மன்னர் வீர கேரள வர்மருக்காக. எந்த முறையில் என்று கேட்டால், கேரளத்தின் பழைமையான நாலுகட்டு முறையில். நூறு ஆண்டுகளுக்குப் பின், 1663இல், டச்சுக்காரர் அதனைப் பழுதுபார்த்துச் சற்றே விரிவாக்கினர். அவர்கள் செய்தது அவ்வளவே. ஆயினும் மக்கள் நாவில் நிலைத்தது அவர்களது பெயர்தான்.

கட்டியவரை மறந்துவிட்டுப் பழுதுபார்த்தவரை நினைவில் வைத்திருக்கும் இந்த வழக்கம் முதலில் ஒரு பிழையாகத் தோன்றும். அரண்மனையின் மாடியில் ஏறி, நூற்றாண்டுகளாக மழையையும் உப்புக்காற்றையும் தாங்கி நிற்கும் மரமச்சுகளை அண்ணாந்து பார்த்தபின், அந்தப் பெயர் முற்றிலும் பொருத்தமற்றது என்று சொல்ல மனம் வருவதில்லை.

துறைமுகம் பிறந்த கதை

கலூரிலிருந்து மட்டாஞ்சேரி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவு. எர்ணாகுளம் நகரைக் கடந்து, காயலின் மீதுள்ள பாலங்களைத் தாண்டி, வெலிங்டன் தீவு வழியாகப் பேருந்தில் செல்லலாம். எர்ணாகுளக் கரையிலிருந்து படகிலும் செல்லலாம். நேரம் இருப்பவர்கள் படகைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இந்நகரத்தின் வரலாறு நீரில் தொடங்கியது என்பது அப்போது எளிதில் விளங்கும்.

சங்க காலத்தில் மேற்குக் கரையின் புகழ்பெற்ற துறை முசிறி. யவனர் கலங்கள் பொன்னுடன் வந்து மிளகுடன் திரும்பிய செய்தியை அகநானூறு பதிவு செய்திருக்கிறது. 1341இல் பெரியாற்றில் பெருகிய வெள்ளம் அப்பழைய துறையைத் தூர்த்துவிட்டுத் தெற்கே கொச்சியில் புதிய முகத்துவாரத்தைத் திறந்தது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. ஆறு திசை மாறியதும் வணிகமும் திசை மாறியது. கொடுங்கல்லூரில் இருந்த பெரும்படப்பு அரச குடும்பம் 1405ஆம் ஆண்டளவில் கொச்சிக்குக் குடிபெயர்ந்தது.

1500ஆம் ஆண்டின் இறுதியில் கப்ரால் தலைமையில் போர்த்துகீசியக் கப்பல்கள் கொச்சியை அடைந்தன. கோழிக்கோட்டுச் சாமூதிரியோடு பகை கொண்டிருந்த கொச்சி மன்னருக்கு ஒரு துணை தேவைப்பட்டது. போர்த்துகீசியருக்கு மிளகு தேவைப்பட்டது. 1503இல் இங்கே அவர்களது கோட்டை எழுந்தது. நட்பு நீண்டதே தவிர எப்போதும் இனிமையாக இருக்கவில்லை. அருகிலிருந்த கோயில் ஒன்றைப் போர்த்துகீசியர் கொள்ளையிட்டதாகவும், அதனால் சினமுற்ற மன்னரை அமைதிப்படுத்தவே இவ்வரண்மனையைக் கட்டிப் பரிசளித்ததாகவும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அவ்வகையில் இதனை ஒரு காணிக்கை என்றும் சொல்லலாம், ஒரு கடனைத் தீர்த்த சான்று என்றும் சொல்லலாம்.

நடுமுற்றத்தில் அம்மன், நான்கு பக்கமும் அரசு

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அரண்மனையாகத் தோன்றாது. வெள்ளையடித்த சுவர்களும் சரிந்த ஓட்டுக்கூரையும் கொண்ட, இரண்டு தளங்களுடைய எளிய கட்டடமே கண்ணில் படும். கோபுரமோ கொத்தளமோ கிடையாது. உள்ளே சென்றபின்னரே அதன் அமைப்பு புலப்படும்.

நாலுகட்டு என்பது திறந்த நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு பக்கங்களிலும் கட்டுகள் அமையும் வீட்டுமுறை. செட்டிநாட்டு வீடுகளின் வளவையும் தஞ்சைப் பகுதி வீடுகளின் முற்றத்தையும் அறிந்த தமிழ் வாசகருக்கு இது அந்நியமானதன்று. மட்டாஞ்சேரியில் அந்த நடுமுற்றத்தில் அரச குடும்பத்தின் குலதெய்வமான பழையன்னூர் பகவதியின் கோயில் அமைந்துள்ளது. அரண்மனையை அடுத்துக் கிருஷ்ணனுக்கும் சிவனுக்கும் தனிக்கோயில்கள் உண்டு. கோயிலைக் கொள்ளையிட்டவர்கள் கட்டித் தந்ததாகச் சொல்லப்படும் மாளிகையின் நெஞ்சிலேயே கோயில் இருப்பது கவனத்திற்குரியது.

வாயில்களின் வளைவிலும் அறைகளின் அளவிலும் ஐரோப்பியச் சாயல் தெரிகிறது. கூரையும் முற்றமும் முழுக்க முழுக்க உள்நாட்டு முறை. பிறநாட்டார் பொருள் செலவிட்டனர். கட்டட இலக்கணத்தை உள்ளூர் மரபே வகுத்தது. கேரளத் தச்சு நூல்களுள் பெயர்பெற்ற ‘மனுஷ்யாலய சந்திரிகை’ எழுதப்பட்டதும் இதே பதினாறாம் நூற்றாண்டில்தான்.

மரமச்சின் கீழே

இது முழுவதும் மரத்தாலான மாளிகை அன்று. சுவர்கள் சுண்ணச்சாந்து பூசியவை. ஆனால் சுவருக்கு மேலுள்ள அனைத்தும், அதாவது உத்தரம், கைமரம், மச்சு ஆகியவை மரத்தின் ஆட்சிக்கு உட்பட்டவை. மாடியிலுள்ள உணவுக்கூடத்தின் மச்சு செதுக்கு வேலைப்பாடு நிறைந்தது. அதில் பித்தளைக் கிண்ணங்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. பேரவைக் கூடத்தின் மச்சில் பூவேலை காணப்படுகிறது.

மேலே பார்த்த கண்கள் கீழேயும் பார்க்க வேண்டும். மெருகேற்றிய கருப்புப் பளிங்குபோல் மின்னும் தரை உண்மையில் கல்லால் ஆனதன்று. சுட்ட தேங்காய்ச் சிரட்டை, கரி, சுண்ணாம்பு, தாவரச் சாறுகள், முட்டையின் வெண்கரு ஆகியவற்றைக் கலந்து இட்டுத் தேய்த்து உருவாக்கிய தரை அது. இதே வகையான தரையைத் தமிழகத்திலேயே காண விரும்புவோர் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்லலாம். அங்குள்ள பூமுகத்தின் மச்சில் தொண்ணூறு வகைப் பூக்கள் செதுக்கப்பட்டுள்ளன. 1956இல் அப்பகுதி தமிழகத்தோடு இணைந்த பின்னரும் அவ்வரண்மனையைக் கேரள அரசே பராமரித்து வருகிறது.

மட்டாஞ்சேரி அரண்மனையில் மன்னர்கள் நிலையாகத் தங்கியதைவிட, முடிசூட்டு முதலிய அரசச் சடங்குகளே சிறப்பிடம் பெற்றிருந்தன. இன்று முடிசூட்டுக் கூடத்தில் 1864 முதல் ஆண்ட கொச்சி மன்னர்களின் உருவப்படங்கள் வரிசையாக உள்ளன. உள்ளூர் ஓவியர்கள் மேலைநாட்டுப் பாணியில் தீட்டியவை அவை. இப்படங்களை வரிசையாகப் பார்ப்பவர் ஒரு செய்தியை மனத்தில் கொள்ள வேண்டும்: இங்கே அரியணை தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லவில்லை. கொச்சி அரச குடும்பம் மருமக்கள் தாயத்தைப் பின்பற்றியது. பெண்வழிக் குடும்பத்தில் வயதில் மூத்த ஆண்மகனே மன்னரானார். ஆகவே படத்திலுள்ள மன்னர்கள் ஒருவருக்கொருவர் தந்தையும் மகனும் அல்லர். பெண்வழியில் பிறந்த உறவினர்கள்.

யானைத்தந்தம் பதித்த பல்லக்கு, யானைமேல் வைக்கும் அம்பாரி, அரசக் குடைகள், சடங்கு உடைகள், வாள்களும் ஈட்டிகளும், டச்சுக்காரர் வரைந்த பழைய கொச்சியின் வரைபடங்கள் ஆகியவை காட்சிக்கு உள்ளன. நாணயங்களும் அஞ்சல் தலைகளும்கூட உண்டு. 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைவதற்கு முன், இச்சிறிய நாடு தனக்கென நாணயமும் அஞ்சலும் நடத்தி வந்தது. வங்கிக் கணக்கோடு நாள்தோறும் தொடர்புடைய நம் வாசகர்கள் அந்தச் சிறு பேழைகளின் முன் சற்று நேரம் நிற்பார்கள் என்று நம்பலாம்.

சுவர் சொல்லும் இராமாயணம்

அருங்காட்சியகத்தின் பெருஞ்செல்வம் கண்ணாடிப் பேழைகளுள் இல்லை, சுவர்களில் இருக்கிறது. மன்னரின் பள்ளியறையாகிய உறங்கும் அறையின் சுவர்களில் இராமாயணம் நாற்பத்தெட்டுக் காட்சிகளாகத் தீட்டப்பட்டுள்ளது. தசரதன் மகப்பேறு வேண்டி நடத்திய வேள்வியில் தொடங்கும் கதை, இலங்கையிலிருந்து சீதை மீண்டு வருவதுவரை தொடர்கிறது. இவ்வோவியங்களுள் தொன்மையானவை பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. காவியும் மஞ்சளும் பச்சையும் நிறைந்த அச்சுவரில் வெற்றிடம் என்பதே கிடையாது. ஓர் உருவத்தின் தோளை ஒட்டி அடுத்த உருவம், அதனை ஒட்டி மரம், அம்மரத்தின் மேல் பறவை என ஒரே நெருக்கமாக வரையப்பட்டுள்ளது. வேறு அறைகளில் காளிதாசரின் குமாரசம்பவக் காட்சிகளும், கோபியரோடு கூடிய கண்ணனும், மோகினியும் பிற்காலத்தில் தீட்டப்பட்டுள்ளன.

கேரளச் சுவரோவியம் உலர்ந்த சாந்தின்மேல் மண்ணிலிருந்தும் தாவரங்களிலிருந்தும் எடுத்த நிறங்களால் தீட்டப்படுவது. நிறம் சுவரின் மேற்பரப்பிலேயே தங்குகிறது. ஆகவே ஈரமே அதன் முதற்பகை. இங்கேதான் கூரைக்கும் ஓவியத்துக்கும் உள்ள உறவு தெளிவாகிறது. மேலே ஓர் ஓடு நழுவினால் நீர் கைமரத்தில் இறங்கும். கைமரம் நனைந்தால் சுவரின் தலை ஊறும். சுவர் ஊறினால் இராமனின் முகம் உதிரும். நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக அம்முகம் உதிராமல் இருப்பதற்குக் காரணம் ஓவியரின் திறமை மட்டுமன்று. பெயர் தெரியாத எத்தனையோ தச்சர்களும் ஓடு மாற்றுவோரும் மழைக்காலத்துக்கு முன் கூரையேறிப் பார்த்ததும் காரணம்.

மரம் கேட்கும் கவனிப்பு

கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. அத்தகைய இடத்தில் மரத்தால் கூரை அமைத்து நூற்றாண்டுகள் வாழவைப்பது எவ்வாறு? கேரளத் தச்சர்கள் இதற்கு மூன்று வழிகளைக் கையாண்டனர்.

முதலாவது, மரத்தேர்வு. தேக்கில் இயல்பாகவே உள்ள எண்ணெய்ப் பசை கரையானை அண்டவிடாது. ஆனால் அது வைரம் பாய்ந்த நடுமரத்துக்கு மட்டுமே பொருந்தும். வெளிப்புற வெண்மரம் விரைவில் செல்லரித்துவிடும். ஆதலால் முற்றிய மரத்தைத் தேர்ந்து, வெண்மரத்தை நீக்கி, நன்கு உலரவிட்டபின்னரே உளி வைத்தனர். பலாவும், கப்பல் கட்டப் பயன்படும் ஆஞ்ஞிலியும் அவர்கள் விரும்பிய ஏனைய மரங்கள். இம்மண்ணின் மரஞ்செடிகளை உலகுக்கு அறிவித்த நூலும் கொச்சியிலிருந்து எழுந்ததே. டச்சு ஆளுநர் ஹென்ட்ரிக் வான் ரீடு, இட்டி அச்சுதன் முதலிய உள்ளூர் வைத்தியர்களின் அறிவைத் துணைக்கொண்டு தொகுத்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. அதில் தேக்குக்கும் இடமுண்டு.

இரண்டாவது, வடிவம். சரிவு மிகுந்த கூரை நீரை உடனே வழியவிடும். தாழ்ந்து நீண்ட இறவாரம் சுவரைச் சாரலிலிருந்து காக்கும். கூரைக்கும் மச்சுக்கும் இடையிலுள்ள வெளியில் காற்று உலாவுவதால், நனைந்த மரமும் விரைவில் உலரும். மரம் நனைவதனால் மட்டும் கெடுவதில்லை. நனைந்தபின் உலர வழியின்றிக் கிடந்தால்தான் கெடும்.

மூன்றாவது, பொருத்துமுறை. மரத்தோடு மரத்தைத் துளையும் கழுந்துமாக இணைத்து மரஆணியால் இறுக்கும் கூரையில், பழுதான உறுப்பை மட்டும் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தலாம். கூரை முழுவதையும் இடிக்க வேண்டியதில்லை. அதாவது, பழுது வரும் என்பதை முன்னரே அறிந்து, பழுதுபார்ப்பதற்கு ஏற்றவாறு கட்டினார்கள். இடவப்பாதி மழை தொடங்கும் முன் ஓடுகளை எடுத்துப் பார்த்து உடைந்தவற்றை மாற்றுவதும், கைமரங்களுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவதும் இப்பகுதி வீடுகளில் நெடுங்காலமாக உள்ள வழக்கம்.

இப்போது அப்பணி இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பு. 1951இல் மட்டாஞ்சேரி அரண்மனை நடுவண் அரசின் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2014இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களுக்கான இந்தியாவின் உத்தேசப் பட்டியலிலும் இடம்பெற்றது.

மதிலுக்கு அப்பால்

அரண்மனையை விட்டு வெளியே வந்து சில நிமிடம் நடந்தால் யூதத் தெரு. 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூதர் தொழுகைக்கூடம் அங்கே உள்ளது. சீனாவிலிருந்து வந்த நீலவெள்ளை ஓடுகள் பதித்த அதன் தரை புகழ்பெற்றது. மன்னரின் அரண்மனையை ஒட்டியே அதற்கு இடம் கிடைத்தது கொச்சியின் இயல்பைக் காட்டுகிறது. குஜராத்தியரும் கொங்கணியரும் கச்சி மேமன்களும் தமிழரும் அருகருகே வாழும் பகுதி இது. ஃபோர்ட் கொச்சியின் சலவைத்துறையில் தலைமுறைகளாகத் தொழில் செய்து வருபவை தமிழ்க் குடும்பங்களே.

அதே தெருவில் பழம்பொருட் கடைகள் பல உள்ளன. உள்ளே நுழைந்தால் செதுக்கிய நிலைக்கதவுகள், உருண்டைத் தூண்கள், மச்சுப் பலகைகள், ஊஞ்சல்கள் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். ஏதோ ஒரு தறவாட்டின் பூமுகத்தைத் தாங்கிய தூண்கள் அவை. வீடு இடிந்தது அல்லது இடிக்கப்பட்டது. மரம் மட்டும் விலைக்கு வந்துவிட்டது. நம் காரைக்குடியின் முனீஸ்வரன் கோவில் தெருவில் பர்மாத் தேக்குத் தூண்கள் விலைக்கு நிற்கும் காட்சியைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று.

அரண்மனையின் மச்சைப் பார்த்துவிட்டு உடனே இக்கடைகளைப் பார்ப்பவரின் மனம் இரண்டையும் ஒப்பிடாமல் இராது. இரண்டும் அதே காட்டு மரங்கள். அதே மரபைச் சேர்ந்த தச்சர்களின் கைவேலை. ஒன்று இன்னும் கூரையாக இருக்கிறது; மற்றொன்று பொருளாகிவிட்டது. அரண்மனைக்கு அரசின் துறையொன்று பொறுப்பேற்றது. தறவாட்டுக்கு அவ்வாறு பொறுப்பேற்க எவரும் முன்வரவில்லை, அல்லது அவர்களால் இயலவில்லை. பங்காளிகள் பலராகி, பிள்ளைகள் வெளியூர் சென்று, ஆண்டுதோறும் மாற்ற வேண்டிய ஓடு இரண்டாண்டு, ஐந்தாண்டு எனத் தள்ளிப்போகிறது. முதலாண்டில் சில ஓடுகளின் செலவாக இருந்தது, பத்தாம் ஆண்டில் ஒரு கூரையின் செலவாக வளர்ந்துவிடுகிறது. அதன்பின் விற்பதொன்றே வழியாகத் தெரிகிறது. விற்றவர்களைக் குறைசொல்வது எளிது; அவர்களது இடத்தில் நின்று பார்த்தவர்கள் சொல்ல மாட்டார்கள்.

நம் வீட்டு உத்தரம்

நிறுவனங்கள் தம் கணக்கேட்டில் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் ஆண்டுதோறும் தேய்மானம் எழுதுகின்றன. குடும்பங்களுக்கு அந்தப் பழக்கம் குறைவு. வீடு கட்டுவதற்குச் சேமிக்கிறோம், கடன் பெறுகிறோம். கட்டி முடித்த நாளோடு செலவு முடிந்ததாக எண்ணுகிறோம். மூதாதையர் வீட்டுக்குப் பங்காளிகள் அனைவரும் சேர்ந்து ஒரு பொதுக்கணக்கைத் தொடங்கி, ஆளுக்கொரு சிறு தொகையை மாதந்தோறும் செலுத்தி வந்தால், மழைக்கு முன் கூரையேற ஆளை அழைப்பதற்கு எவர் கையையும் எதிர்பார்க்க வேண்டியிராது. தச்சருக்கும் ஓட்டுவேலை தெரிந்தவருக்கும் தொடர்ந்து பணி கிடைத்தால் அவர்களது கைத்தொழிலும் அடுத்த தலைமுறைக்குச் செல்லும்.

மட்டாஞ்சேரி செல்வோருக்கு ஒரு குறிப்பு: அரண்மனை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. யூதர் தொழுகைக்கூடம் சனிக்கிழமைகளில் பார்வைக்குத் திறப்பதில்லை. இரண்டையும் ஒரே பயணத்தில் காண விரும்புவோர் இவ்விரு நாள்களைத் தவிர்த்துச் செல்வது நலம். இயன்றால் மழைக்காலத்திலேயே செல்லுங்கள். ஓட்டின்மேல் மழை அறைந்துகொண்டிருக்க, அதன் கீழே பள்ளியறையின் சுவரில் சீதை நனையாமல் இருப்பதை அப்போதுதான் காணலாம்.

போர்த்துகீசியர் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கொச்சியில் செல்வாக்கோடு இருந்தனர்; இவ்வரண்மனையைக் கட்டவும் செய்தனர். ஆயினும் மட்டாஞ்சேரி மக்கள் அதனைப் பழுதுபார்த்தவர்களின் பெயராலேயே அழைக்கின்றனர். வரலாற்று நூல் அதனைத் திருத்தலாம். ஆனால் ஆண்டுதோறும் கூரையேறி ஓடு மாற்றும் எளிய மனிதருக்கு, அந்தப் பெயரில் ஒரு சிறு நியாயம் தெரியக்கூடும்.